கைத்தூண்டிலும் பிறைக்கணக்கும்

கம்பம் பள்ளத்தாக்கு கடலைக் காணாத நாடு. மேற்கே ஏலமலைத் தொடர். தெற்கிலும் கிழக்கிலும் மேகமலையும் வருசநாட்டு மலைகளும். வடகிழக்கே மட்டும் ஒரு வாசல். அந்த வாசல் வழியாகத்தான் வையை வெளியேறுகிறது. 1895-இல் பெரியாற்று அணை எழுந்து, அரபிக்கடலை நோக்கிச் சென்றுகொண்டிருந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நம் பக்கம் திருப்பப்பட்டது முதல், அந்நீரும் வையையோடு கலந்து கிழக்கே போகிறது. மதுரையைக் கடந்து, இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் தங்கி, எஞ்சியது ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் கடலில் விழுகிறது. எஞ்சுவது அரிது என்பது வேறு செய்தி.

கோடை விடுமுறை வந்ததும் நம் குடும்பங்களும் ஏறக்குறைய அதே வழியில்தான் கடலுக்குச் செல்கின்றன. ஏர்வாடி, கீழக்கரை, இராமேசுவரம், காயல்பட்டினம் என்று ஏதேனும் ஒரு கடலோர ஊரில் இரண்டு மூன்று நாள்கள் தங்குகிறார்கள். முதல் நாள் பிள்ளைகள் அலையில் நனைகிறார்கள். இரண்டாம் நாள் கரையில் ஒருவர் கயிறு வீசி மீன் எடுப்பதைக் கண்டுவிட்டால், “அத்தா, எங்களுக்கும் ஒரு தூண்டில்” என்ற கோரிக்கை பிறக்கிறது. கடைக்குச் சென்று, பளபளக்கும் கோல் ஒன்றையும் சுற்றுருளை ஒன்றையும் விலை கொடுத்து வாங்கி, நண்பகல் வெயிலில் நின்று எறிந்து, ஒரு மீனும் படாமல், கயிற்றைச் சிக்கலாக்கிக்கொண்டு திரும்புகிறார்கள். கோல் வீட்டுப் பரணுக்குப் போகிறது. வரும் ஆண்டு வேறொரு குடும்பம் இதையே செய்கிறது.

இதில் தூண்டிலின் குற்றம் எதுவுமில்லை. கடலின் நேரம் அறியாமல் கடலுக்கு முன் நின்றதே காரணம். அந்த நேர அறிவு எங்கே இருக்கிறது, எவ்வாறு வந்தது, மலையடிவாரத்து மக்களாகிய நாம் அதை எங்கிருந்து தொடங்கிக் கற்பது என்பவற்றை வரலாற்றின் வழியே நோக்குவது பயன் தரும்.

நம் சமுதாயத்தின் பெயர்களிலேயே இவ்வேறுபாடு படிந்து கிடக்கிறது. உள்நாட்டில் வாழும் இராவுத்தர் என்ற பெயர் குதிரை ஏறுவோனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கரையில் வாழும் மரக்காயர் என்ற பெயரை மரக்கலத்தோடு தொடர்புபடுத்துவர். ஒருவருக்குக் குதிரை, மற்றவருக்குக் கப்பல். ஆயினும் அந்தக் குதிரையும் கடல் வழியேதான் வந்தது. பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் மஃபர் கரைக்கு அனுப்பப்பட வேண்டும் என்ற உடன்படிக்கையை வஸ்ஸாஃப் என்னும் பாரசீக வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். காயல் துறையில் குதிரைகள் இறங்கியதை மார்க்கோ போலோவும் குறிக்கிறார். குதிரையோடு உள்நாட்டில் நிலைத்த மரபினர் கடலை மறந்தனர். கரையில் நின்றவர் மறக்கவில்லை. அங்கே தந்தையை வாப்பா என்கிறார்கள், நாம் அத்தா என்கிறோம். காற்றுக்கு அவர்களிடம் நாலைந்து பெயர்கள் உண்டு, நமக்கோ ஆடிக்காற்று ஒன்றுதான்.

இனித் தூண்டிலுக்கு வருவோம். பழந்தமிழ் நூல்களில் அது எங்கே இருக்கிறது என்று தேடினால் வியப்பான விடை கிடைக்கும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் தூண்டிற்காரன் ஒருவன் வருகிறான். மூங்கிற்கோல், அதன் நுனியில் கட்டிய நாண், வளைந்த இரும்பு முள், இரை வைத்த தோற்பை என்று அவனுடைய கருவி முழுமையும் அங்கே சொல்லப்பட்டுவிடுகிறது. இரையைத் தின்று தப்பிய வாளை மீன், கரைப் பிரம்பின் நிழலை நீரில் கண்டு, அதுவும் தூண்டிற்கோலோ என்று வெருவுகிறது. அகநானூற்றின் 36-ஆம் பாட்டில் மதுரை நக்கீரர் காட்டுவது வரால் மீன். அது இரையை விழுங்கிவிட்டு, தூண்டிற்காரன் இழுக்க இழுக்க வராமல், ஆம்பல் இலையைக் கிழித்துக் குவளையைச் சிதைத்து, கயிறு பூட்டிய முரட்டுக் காளையைப் போலக் குளத்தைக் கலக்குகிறது. மீன் பிடித்துப் பழகியவரின் கண்ணே இவற்றைக் கண்டிருக்க முடியும்.

ஆனால் இவ்விரண்டும் நன்னீர். வாளையும் வராலும் குளத்து மீன்கள். அதே உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரையைப் பாடும்போது தூண்டில் வரவில்லை. அங்கே பரதவர் பெரிய வலைக்காரர். முழுமதி நாளில் அவர்கள் கடல்மேல் செல்லாமல், சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டும் ஆடியும் கழிக்கிறார்கள். அந்தக் கொம்பு வாள்சுறாவினுடையது என்பர். இன்று அம்மீன் நம் கடலில் காண்பதற்கே அரிதாகி, பிடிப்பதே குற்றம் என்ற நிலைக்கு வந்துவிட்டது. நெய்தல் பாட்டுகளில் பெரும்பாலும் வலையும், சுறா எறியும் உளியுமே பேசப்படுகின்றன. கடற்கரையில் நின்று கையால் எறியும் எளிய தூண்டிலைப் புலவர்கள் பொருட்படுத்தவில்லை. அது அக்காலத்தும் இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. சிந்துவெளி நகரங்களிலேயே செம்பாலான தூண்டில் முட்கள் கிடைத்திருக்கின்றன. ஜப்பானின் ஓக்கினாவாத் தீவுக் குகை ஒன்றில் கிளிஞ்சலைத் தேய்த்துச் செய்த முள் ஏறத்தாழ 23,000 ஆண்டுப் பழமையுடையது. கருவி பழையது, கடற்கரையில் அதைக் கையாளும் அறிவுதான் ஏட்டில் ஏறாமல் வாய்மொழியாகவே நின்றுவிட்டது. உள்நாட்டார் அதை நூலில் தேடிப் பெற முடியாமற்போனதும் இதனால்தான்.

அரபு நூல்களில் நிலை சற்று மாறுபடுகிறது. தூண்டில் முள்ளுக்கு ‘ஷிஸ்ஸு’ என்றும் ‘ஸின்னாரா’ என்றும் அரபியில் பெயர்கள் உண்டு. கடல் வேட்டை என்பதோ தனியொரு சட்டப் பொருளாகவே பேசப்படுகிறது. ஹஜ்ஜுக்காக இஹ்ராம் கட்டியவருக்குத் தரைவேட்டை தடுக்கப்பட்டிருக்க, கடல்வேட்டை ஆகுமாக்கப்பட்டிருப்பதை திருக்குர்ஆன் 5:96 கூறும். கடலில் பயணம் செய்வோரின் வினாவுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த விடையில், கடல்நீர் தூய்மையானது என்பதோடு அதில் இறந்ததும் ஹலால் என்ற செய்தியும் சேர்ந்தே வந்தது. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சியை நம் மதரஸா மாணவர் எவரும் மறவார். அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் கடற்கரைக்கு அனுப்பப்பட்ட 300 பேர் உணவு தீர்ந்து, நாளுக்கு ஒரு பேரீச்சம்பழம் என்ற நிலைக்கும், பின்னர் மரத்திலைகளைத் தின்னும் நிலைக்கும் வந்தார்கள். அப்போது கடல் ஒரு குன்றனைய மீனைக் கரையில் ஒதுக்கியது. ‘அன்பர்’ என்று பெயர் சொல்லப்பட்ட அதைப் பல நாள் உண்டார்கள். அதன் விலா எலும்பு இரண்டை நிறுத்தி, அடியில் ஒட்டகத்தைச் செலுத்திப் பார்த்தார்கள்.

இந்த நிகழ்ச்சி விடுமுறைக்குக் கடற்கரை செல்லும் நமக்கு நேரடியாகவே தொடர்புடையது. கம்பம் பகுதியில் நம்மவர் பெரும்பாலோர் ஹனஃபி. கீழக்கரையிலும் காயலிலும் பெரும்பாலோர் ஷாஃபியீ. ஷாஃபியீ மத்ஹபில் கடலுக்குள்ளேயே வாழ்பவை பெரும்பாலும் உணவாகும். ஹனஃபியில் மீன் மட்டுமே உணவு. அதிலும் தானாகச் செத்து நீரில் மிதப்பது விலக்கு. ஆனால் கடல் கரைக்கு எறிந்ததும், நீர் வற்றியதால் தரையில் அகப்பட்டதும் விலக்கன்று. வற்றுதலுக்கு ஆலிம்கள் ஆளும் ‘ஜஸ்ர்’ என்ற சொல்லே கடல் வற்றத்திற்கும் பெயர், ஏற்றத்திற்கு ‘மத்து’. இறால் மீன் வகையா அன்றா என்று ஹனஃபி அறிஞரிடையே நீண்ட விவாதம் உண்டு. கணவாயில் விவாதமே இல்லை, அது மீனன்று. எனவே கீழக்கரை உறவினர் வீட்டு விருந்தில் கணவாய் வந்தால் தயங்குகிற நம் பிள்ளைகளைக் கேலி செய்ய வேண்டியதில்லை. உண்ணுவது வேறு, முள்ளில் இரையாகக் குத்துவது வேறு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். கணவாய்த் துண்டு நல்ல இரை. முள்ளிலிருந்து எளிதில் கழலாது.

தூண்டிலில் பட்ட மீன் யாருக்குச் சொந்தம் என்பதையும் ஹனஃபி ஃபிக்ஹு நூல்களின் வேட்டைப் பகுதி விட்டுவைக்கவில்லை. நீரைவிட்டு வெளிவருமுன் கயிறு அறுந்து தப்பிய மீனை இன்னொருவர் பிடித்தால் அது பிடித்தவருக்கே. கையால் எடுக்கக்கூடிய வகையில் தரையில் போட்டபின் துள்ளி நீரில் விழுந்தால், அது முதலாமவரின் உடைமை. கரையில் சிறுவர்கள் சண்டையிடுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் நிலையில்தான்!

ஆங்கிலேயர் வந்தபோது தூண்டில் வேறொரு பொருள் பெற்றது. சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் மங்களூரில் ஒரு நூல் வெளியிட்டார். இந்தியாவில் கோலால் மீன்பிடிப்பதைப் பற்றியது அது. கயல் இனத்துப் பெருமீனாகிய மஹ்சீரை எவ்வாறு ஏமாற்றுவது, எந்த முள், எந்தக் கயிறு என்று விரித்துரைப்பது. அவருக்கும் அவர் போன்றோருக்கும் அது பொழுதுபோக்கு. மீன் அளவிலும் எடையிலும் ஒரு வெற்றிச் சின்னம். மூணாற்றுத் தேயிலைத் தோட்டத் துரைமார் குளிர்நீர் ஓடைகளில் டிரவுட் மீனைக் கொண்டுவந்து வளர்த்ததும் இதே மனப்பான்மையில்தான். இன்று கடைகளில் காணும் கோலும் சுற்றுருளையும், பிடித்துப் படமெடுத்துவிட்டு மீண்டும் நீரில் விடும் வழக்கமும் அந்த வழியில் வந்தவை.

அந்த வழக்கத்தைக் குறித்து ஒன்று சொல்லியாக வேண்டும். சிறிய மீன் அகப்பட்டால், முள்ளை மெல்ல எடுத்து, நனைந்த கையால் பிடித்து நீரில் விடுவது நல்ல செயல். உண்ணும் எண்ணமே இல்லாமல், முள்ளால் வாயைக் கிழித்து இழுத்து மகிழ்வதற்காகவே மீன் பிடிப்பது அதனினும் வேறு. வீணாக ஒரு சிட்டுக்குருவியைக் கொன்றவர் மறுமையில் அதற்கு விடை சொல்ல வேண்டியிருக்கும் என்ற கருத்தில் வரும் ஹதீஸும், உயிருள்ளதை எய்து பழகும் இலக்காக்குவதைத் தடுத்த ஹதீஸும் நம்மிடம் இருக்கின்றன. நீரில் விடுவதால் உயிர் போவதில்லையே என்பார் உண்டு. போவதும் உண்டு, போகாவிடினும் வேதனை வேதனைதான் என்பது என் கருத்து. தேவைக்கு நான்கு மீன் பிடித்துக் குழம்பு வைப்பதில் எந்தக் குறையும் இல்லை. குழந்தைக்கு முதலில் கற்றுத்தர வேண்டிய பாடம் முள் கட்டுவதன்று. இத்தனை போதும் என்று கயிற்றைச் சுற்றுவது.

அதே ஆங்கிலேயர் ஆட்சியில் வேறு வகையினரும் இருந்தனர். 1907-இல் சென்னையில் மீன்துறை அலுவலகத்தைத் தோற்றுவித்த பிரெடெரிக் நிக்கல்சன் ஒருவர். அத்துறையின் இயக்குநராகப் பின்னர் விளங்கிய ஜேம்ஸ் ஹார்னெல் மற்றொருவர். ஹார்னெல் கரை ஊர்தோறும் சென்று, கட்டுமரத்தையும் கரைவலையையும் தூண்டில்களையும் பார்த்து, சங்கு குளிக்கும் கீழக்கரை முஸ்லிம்களோடும் பரவரோடும் பழகி, 1914-இல் சங்கைப் பற்றியும் 1920-களில் சோழமண்டலக் கரையின் மீன்பிடி முறைகளைப் பற்றியும் எழுதினார். புலவர்கள் விட்டுவிட்டதை ஓர் அயல்நாட்டார் மீனவரிடம் கேட்டு எழுதிக்கொண்டார். கேட்டார் என்பதே இங்கு முக்கியம். 1947-இல் தொடங்கப்பட்டு 1949-இல் மண்டபத்துக்கு வந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அப்பணியைத் தொடர்ந்தது. அதன் தலைமையகம் 1971-இல் கொச்சிக்குச் சென்றபோதிலும் மண்டபத்தில் அதன் மையம் இன்றும் இயங்குகிறது.

அவர்களெல்லாம் மீனவரிடம் கேட்டறிந்தவற்றுள் தொடங்குவோருக்கு முதன்மையானது காற்றும் பிறையும்.

இராமேசுவரம் தீவில் இரண்டு கடல்கள் இருக்கின்றன. வடக்கே பாக் கடல். தெற்கே மன்னார் வளைகுடா. கரை மக்கள் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் சொல்வர். ஒன்று ஆழம் குறைந்து அமைதியானது. மற்றது ஆழமும் அலையும் மிக்கது. ஆயினும் இது ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை மன்னார்ப் பக்கம் கொந்தளிக்கும். பாக் கடல் குளம்போல் கிடக்கும். வாடைக்காற்று எழும் அக்டோபருக்குப் பின் வடக்குக் கடல் கலங்கும், தெற்கு அடங்கும். ஆகவே கோடை விடுமுறையில் செல்பவர் தூண்டில் எறிய வேண்டியது வடகரையில். அரையாண்டு விடுமுறையில் செல்பவர் தென்கரையில். இந்த ஒன்றை அறியாமல் மே மாதத்தில் ஏர்வாடிக் கரையில் நின்று, அலை கயிற்றைத் திருப்பித் திருப்பிக் கரைக்கே தள்ளுவதைக் கண்டு சலித்தவர் பலர். மண்டபத்தில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்தே போய்விடலாம். தனுஷ்கோடி முனை மட்டும் தொடங்குவோருக்கு உரிய இடமன்று. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த அந்த ஊருக்கு அப்பால் இரு கடல்களும் கலக்கும் இடத்தில் நீரோட்டம் வலியது, மணற்கரையும் நிலையில்லாதது. இரு கடல்கள் கூடுமிடத்தில் மூஸா (அலை) அவர்களின் உணவு மீன் நழுவிக் கடலுக்குள் போன வரலாறு அல்கஹ்ஃபு அத்தியாயத்தில் வருவதை நினைத்துக்கொண்டு அங்கே நின்று பார்த்து வரலாம். கயிறு எறிய வேண்டாம்.

அடுத்தது பிறை. கடல் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. ஒவ்வொரு நாளும் அந்த நேரம் முந்தைய நாளைவிட ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசையையும் முழுமதியையும் ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் மிகும்; பிறை 7, 8-ஐயும் 22, 23-ஐயும் ஒட்டிய நாள்களில் குறையும். சந்திரனுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை விரிவாக எழுதியவர்களுள் முக்கியமானவர், 886-இல் மறைந்த அபூ மஃஷர் அல்பல்கீ. அவருடைய அரபு நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பியர் நெடுங்காலம் கடலேற்றத்தைப் பற்றி அதிலிருந்தே கற்றனர். ஈர்ப்பு விசையால் இது நிகழ்கிறது என்ற விளக்கத்தை 1687-இல் நியூட்டன் அளித்தார். மற்றவர் நாள்காட்டியைப் புரட்டிப் பார்க்க வேண்டியதை நம் வீட்டுப் பெண்கள் விரலில் எண்ணிச் சொல்லிவிடுவார்கள். அய்யாமுல் பீழு நோன்பு நாள்களாகிய 13, 14, 15-ஐ அறிந்தவர், கடல் பெருகும் நாள்களையும் அறிந்தவரே. மன்னார்க் கடலிலும் பாக் கடலிலும் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். குஜராத்தின் காம்பே வளைகுடாவைப் போல ஆள் உயரங்களைக் கடப்பதன்று. ஆயினும் ஆழமில்லாக் கரையில் அந்தச் சிறு ஏற்றமே மீனைக் கரைக்குக் கொண்டுவரப் போதுமானது. நீர் ஏறும்போது, மணலில் கிளர்ந்த புழுவையும் சிறு இறாலையும் தேடி மீன் கரைப்பக்கம் மேய வருகிறது. ஏற்றம் முடிவதற்கு முந்திய இரண்டு மணி நேரம், அதுவும் விடியலிலோ மாலையிலோ அமையுமானால், அதுவே நல்ல நேரம். ஃபஜ்ரு தொழுதுவிட்டுக் கரைக்குப் போனவருக்கு மீன் பட்டது, காலை உணவு முடித்துப் போனவருக்குப் படவில்லை என்றால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. குறிப்பிட்ட ஊரில் குறிப்பிட்ட பிறைக்கு எத்தனை மணிக்கு ஏற்றம் என்பதைக் கரையில் வலை உலர்த்தும் பெரியவர் எவரும் சொல்லிவிடுவார். “காக்கா, வெள்ளம் எப்ப ஏறும்?” என்று மரியாதையோடு கேட்டால் போதும்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோல் வேண்டாம். பருத்தியும் சணலும் திரித்த கயிறுகள் இருந்த இடத்தை நைலான் பிடித்துக்கொண்டது. கரையில் தங்கூசி என்று கேட்டால் தருவார்கள். அரை மில்லிமீட்டருக்கும் மெல்லியதாக 40, 50 மீட்டர், ஒரு கட்டையிலோ வெறும் புட்டியிலோ சுற்றியது; சிறிய ஈயக்குண்டு ஒன்று; சிறிய முட்கள் நான்கைந்து; உரித்த இறாலைத் துண்டாக்கிய இரை. இவ்வளவே கைத்தூண்டில். ஈயத்தை மணற்பரப்பில் படியவிட்டு, கயிற்றைத் தளர்வின்றிச் சுட்டுவிரலில் மாட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். முதற் கொத்தலில் சுண்டி இழுப்பது எல்லோரும் செய்வது. மீன் அப்போது இரையை முகர்ந்துதான் பார்க்கிறது. இழுவை தொடரும்போது மெல்ல வாங்கினால் முள் தானே பதியும்.

மணற்கரையில் முதலில் படுவது பெரும்பாலும் கிழங்கான். விரல்போல் நீண்ட, வெண்மணல் நிறத்து மீன். முள் குறைவு, சுவை மிகுதி. குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் கரை மக்கள் விரும்பிக் கொடுப்பது. பாறையும் பாசியும் உள்ள இடத்தில் விளமீனும் ஓராவும் வரும். ஓராவின் முதுகு முள்ளில் நஞ்சு உண்டு; குத்தினால் மணிக்கணக்கில் கடுக்கும். கடற்கெளிறும் அவ்வாறே. திருக்கை மணலுக்குள் படுத்திருக்கும்; நீருக்குள் நிற்பவர் காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசி நடந்தால் அது விலகிப் போய்விடும். வெளியே எடுத்ததும் பந்துபோல் உப்பும் பேத்தையைப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கலாம், சமைக்கக் கூடாது. அதன் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. பெயர் தெரியாத மீன் எதையும் கரைக்காரர் ஒருவரிடம் காட்டிய பின்னரே பையில் போட வேண்டும்.

சட்டமும் ஓரளவு அறிந்திருப்பது நலம். 1983-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, கரையிலிருந்து 3 கடல்மைல், அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர் வரை, விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. அது நாட்டுப்படகுக்கும் கட்டுமரத்துக்கும் கைத்தூண்டிலுக்கும் ஒதுக்கப்பட்ட கடல். அச்சட்டம் வந்ததன் பின்னணி எளிதன்று. 1960-களுக்குப் பின் இறாலுக்கு அயல்நாட்டில் விலை ஏறியது. இழுவலைப் படகுகள் பெருகின. அவை கரைவரை வந்து அடிமணலை வாரின. சிறு மீனவரின் வலைகள் அறுந்தன. கைகலப்பும் உயிரிழப்பும் நேர்ந்தன. சட்டம் இருந்தும் அந்தப் பூசல் முற்றிலும் தீர்ந்ததென்று சொல்ல முடியாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. 2017-க்கு முன் இது 45 நாளாக இருந்தது. நம் கோடை விடுமுறை சரியாக இத்தடைக் காலத்துக்குள் வருகிறது. தேனிச் சந்தையில் கடல்மீன் விலை அப்போது ஏறுவதும் அதனால்தான். கரையில் நின்று எறியும் தூண்டிலுக்கு இத்தடை இல்லை. ஆனால் மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்பதற்காக ஒரு கரை முழுதும் வருமானத்தைவிட்டுக் காத்திருக்கும் வேளையில், வேடிக்கைக்கு வந்தவர் சினைமீனைக் கூடை கூடையாக அள்ளுவது அழகன்று.

இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்து 1986-இல் அமைந்த கடல் தேசியப் பூங்காவுக்குள் மீன்பிடிக்க இடமில்லை; படகுக்காரர் அழைத்தாலும் தீவுக்குத் தூண்டிலோடு போகக் கூடாது. கடற்குதிரை, கடல் அட்டை, ஆமை ஆகியவை கையில் அகப்பட்டால் அப்போதே நீரில் விட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்தால் வழக்கு வரும். சிக்கலான தங்கூசியைக் கரையில் வெட்டி எறிந்துவிட்டு வருவோரும் உண்டு. பருத்திக் கயிறு மட்கிவிடும். நைலான் மட்காது, நாரையின் காலிலும் ஆமையின் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும். அதை உருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வருவது ஒரு நிமிட வேலை.

பிடித்த கிழங்கானைத் தங்கியிருக்கும் வீட்டாரிடமே கொடுத்துவிட்டால் கரை முறைப்படி சமைத்துத் தருவார்கள். தேங்காய்ப்பால் ஊற்றி, புளியைக் குறைத்து வைப்பார்கள். நம் பக்கத்துப் புளிக்குழம்பை எதிர்பார்ப்பவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.